மண்டையோட்டின் அடியில் உள்ள துளைகள்: உங்களுடையவை எப்படி இருக்கும்?

பள்ளி அறிவியல் கூடத்தின் மூலையில் ஓர் எலும்புக்கூட்டு மாதிரி நின்றுகொண்டிருக்கும். படித்த காலத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் தலையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நமக்குப் பழக்கமானது முகப்பக்கம் மட்டும்தான்: இரண்டு கண்குழிகள், மூக்கின் முக்கோணம், பல்வரிசை. கவிழ்த்துப் பார்த்தால் வேறொரு காட்சி. நடுவில் கட்டைவிரல் தாராளமாக நுழையும் ஒரு பெரிய துளை. அதற்கு முன்னாலும் பக்கங்களிலும், கரையான் அரித்த பலகைபோல், சின்னச் சின்னத் துளைகளும் பிளவுகளும் வளைந்து செல்லும் குழாய்களும் இருக்கும்.

இவ்வாரம் நாம் பார்க்கப்போவது அந்தத் துளைகளைத்தான். தேர்வுக்கு வராத பகுதி என்று மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தாத்தாவின் முக வலி, அத்தையின் பிட்யூட்டரிக் கட்டி, தம்பியின் சீழ் வடியும் காது என்று வீட்டில் ஏதாவது ஒன்று அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்போது, மருத்துவர் முதலில் பார்ப்பது இந்தத் துளைகளைத்தான்.

பள்ளிகளில் இருக்கும் நெகிழி மண்டையோடுகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. நூறு பள்ளிகளில் நூறு மண்டையோடுகளைக் கவிழ்த்தாலும் துளைகள் அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். பாடநூல் படமும் அப்படித்தான். உயிருள்ள மனிதர்களின் தலை எந்த அச்சிலும் வார்க்கப்பட்டதில்லை. ஒருவருக்கு இருக்கும் துளை இன்னொருவருக்கு இல்லாமல் இருக்கலாம். இடப்பக்கம் ஒன்றாக இருப்பது வலப்பக்கம் இரண்டாகப் பிரிந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க அதனால் ஒரு தொந்தரவும் வராமலே போகலாம். அறுவை சிகிச்சைக் கருவி அந்தப் பக்கம் போகும் நாளில்தான், ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு பார்வையையோ உயிரையோ தீர்மானிக்கும்.

சுவர் முதலா, கம்பி முதலா?

மண்டையோட்டின் கூரை ஏறக்குறைய மூடிய கிண்ணம். தளம் அப்படி இருக்க முடியாது. மூளையோடு இணைந்த 12 இணை நரம்புகள் இருக்கின்றன. மணம், பார்வை, கேட்டல், சுவை, முக அசைவு, விழுங்குதல் எல்லாம் அவற்றின் பொறுப்பு. மூளைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளும், திரும்ப எடுத்துச் செல்லும் சிரைகளும் வேறு இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தளத்தைத் துளைத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். வழி குட்டையாக இருந்தால் அதைத் துளை என்போம். எலும்புக்குள் நீளமாக ஓடினால் கால்வாய். ஒடுங்கிக் கிழிந்ததுபோல் இருந்தால் பிளவு.

வீடு கட்டும்போது முதலில் சுவர் எழுப்புகிறோம். பிறகுதான் குளிர்சாதனக் குழாய்க்குத் துளை போடுகிறோம். கருவில் நடப்பது இதற்கு நேர்மாறு. நரம்புகளும் இரத்தக் குழாய்களும் முதலில் வந்துவிடுகின்றன. அவற்றைச் சுற்றிக் குருத்தெலும்பு உருவாகி, அது மெல்ல மெல்ல எலும்பாக மாறுகிறது. ஈரச் சிமெண்டில் நட்ட குச்சியைச் சுற்றிச் சிமெண்டு இறுகுவதுபோல, ஏற்கெனவே அங்கே இருக்கும் நரம்புக்கு வழிவிட்டு எலும்பு வளர்கிறது. சில துளைகளின் வளையம் முழுமையாக மூடுவதற்குக் குழந்தை பிறந்து சில ஆண்டுகள்கூட ஆகும்.

இது ஒன்றைப் புரிந்துகொண்டால் வேறுபாடுகள் ஏன் வருகின்றன என்பது விளங்கிவிடும். உள்ளே போகும் பொருள் எப்படியோ, துளையும் அப்படி. மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் கழுத்துச் சிரை, பெரும்பாலோருக்கு வலப்பக்கம் தடித்தது. ஆகவே அது வெளிவரும் துளையும் வலப்பக்கம் பெரிதாக இருக்கும். இது நோயன்று. நாக்கை அசைக்கும் நரம்பு தொடக்கத்தில் சில இழைகளாகப் புறப்படுகிறது. அந்த இழைகளுக்கு நடுவே எலும்பு வளர்ந்துவிட்டால், ஒரே கால்வாய் குறுக்குச் சுவரால் இரண்டாகிவிடும். ஒரு தமனி வேறு வழியாகப் போய்விட்டால், அதற்குரிய துளை உருவாகாமலே போகும். ஒரு சின்னச் சிரை கூடுதலாக இருந்தால், கூடுதலாக ஒரு துளை இருக்கும்.

அந்தக் கூடுதல் துளைக்கு ஒரு பெயரே உண்டு: வெசேலியஸ் துளை. 1543இல் மனித உடலமைப்பைப் பற்றிய பெரும் நூலை வெளியிட்ட ஆண்ட்ரியாஸ் வெசேலியஸின் பெயர் அது. பலருக்கு அது இருக்கும், பலருக்கு இருக்காது. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். ஊசி முனை அளவுள்ள இந்தத் துளை, முகத்தின் ஆழத்தில் உள்ள சிரைப் பின்னலையும் மூளைக்கு அடியில் உள்ள ஒரு சிரைத் தேக்கத்தையும் இணைக்கிறது. முகத்தில் வந்த கிருமி உள்ளே ஏறுவதற்கும் இது ஒரு வழியாகிவிடலாம்.

மண்டையோடுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதை வீம்பாகவே காட்ட முனைந்தவர் ஒருவர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் உடற்கூற்றியல் கற்பித்த யோசஃப் ஹிர்ட்ல். மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து ஒருவரின் குணத்தையும் அறிவையும் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பரவியிருந்தது. ஐரோப்பியர்களுக்குள்ளேயே மண்டையோடுகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று காட்டினால் அந்தக் கதை உடைந்துவிடும் அல்லவா? அவர் திரட்டியவற்றில் 139 மண்டையோடுகளை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மூட்டர் அருங்காட்சியகம் 1874இல் வாங்கியது. இன்றும் அவை அங்கே இருக்கின்றன. அவற்றில் பல, சம்மதம் கேட்காமல் எடுக்கப்பட்ட ஏழைகளின் தலைகளும் தண்டனை பெற்றவர்களின் தலைகளும் என்பதையும் மறக்கக்கூடாது. ஹிர்ட்லின் பெயரை நாம் இன்னொரு முறை சந்திப்போம்.

கன்னத்தில் நுழையும் ஊசி

பல் துலக்கும்போது, சோறு மெல்லும்போது, சில வேளை மின்விசிறிக் காற்று பட்டாலே, முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று வலி வரும். சில நொடிகளில் போய்விடும். பிறகு மறுபடியும் வரும். பல்வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இது முக்கிளை நரம்பு வலி. முகத்தின் தொடு உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிவதால் அந்தப் பெயர்.

முதலில் மாத்திரைதான். மாத்திரைக்கு வலி அடங்காதவர்களுக்குப் பல சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, மண்டையைத் திறக்காமல் கன்னத்தின் வழியாகவே ஊசியைச் செலுத்தி, நரம்பின் முடிச்சை வெப்பத்தாலோ சின்னப் பலூனாலோ மந்தப்படுத்துவது. 1910களில் ஃபிரிட்ஸ் ஹேர்டெல் என்ற ஜெர்மானிய மருத்துவர் விளக்கிய பாதையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். வாயோரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஊசி நுழைகிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம் முட்டைவடிவத் துளை. முக்கிளை நரம்பின் மூன்றாவது கிளை, அதாவது தாடைக்கிளை, வெளிவரும் வழி அது.

அந்தத் துளை எவ்வளவு பெரிது? சராசரியாக 7 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம். சமையலறையில் இருக்கும் பச்சைப்பயறு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், கணக்கு புரியும். அதைக் கண்ணால் பார்க்காமல், கன்னத்துத் தசைகளுக்கு ஊடே, எக்ஸ்ரே நிழலைப் பார்த்துக்கொண்டே குறிவைக்க வேண்டும்.

பெயர்தான் முட்டைவடிவம். உண்மையில் சிலருக்கு வட்டமாக இருக்கும், சிலருக்குப் பாதாம் பருப்புபோல, சிலருக்கு வெறும் கீறல்போல. ஒரே ஆளின் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதற்கு அடியில் உள்ள தசைநார்கள் சிலருக்கு எலும்பாக இறுகிவிடும். அப்போது துளையின் வாசலில் ஜன்னல் கம்பிபோல் ஓர் எலும்புப் பட்டை குறுக்கே நிற்கும். இப்படி இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்றை இத்தாலியரான சிவினினியின் பெயராலும், மற்றொன்றை நாம் மேலே சந்தித்த ஹிர்ட்லின் பெயராலும் அழைக்கிறார்கள். அந்தப் பட்டை இருக்கும் நோயாளிக்கு, எவ்வளவு கைதேர்ந்த மருத்துவர் ஊசி செலுத்தினாலும், அது எலும்பில் முட்டி நிற்கும். கோணத்தை மாற்றி மாற்றி முயன்றால் ஊசி பக்கத்து வழிக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. பக்கத்து வழிகள் சாதாரணமானவை அல்ல. சற்று முன்னால் போனால் கண்குழிக்குப் போகும் பிளவு. உட்புறமாகப் பின்னால் போனால் மூளைக்கு இரத்தம் கொடுக்கும் பெரும் தமனி. இன்னும் பின்னால் கழுத்துச் சிரை. வெசேலியஸ் துளை பெரிதாக இருப்பவருக்கு அதற்குள்ளேயே ஊசி நுழைந்து இரத்தம் கசியலாம்.

இதற்காக ஊசி சிகிச்சையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வயதானவர்களுக்கு, மண்டையைத் திறக்கும் பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு, அது பெரிய வரம். முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்த நோயாளியின் துளை எந்த வடிவம், குறுக்கே பட்டை உண்டா என்று பார்த்துவிட்டால், எந்தக் கோணத்தில் நுழைவது, அல்லது வேறு சிகிச்சைக்கே போய்விடலாமா என்பதை அமைதியாக முடிவு செய்யலாம். நடுவழியில் முடிவு செய்ய வேண்டியதில்லை.

மூக்கின் வழியே மூளையின் வாசலுக்கு

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் பகுதி இதுதான். மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் படிவம் 4 உயிரியலில் நாளமில்லாச் சுரப்பிகளின் கீழ்ப் படித்திருப்பீர்கள். அதில் கட்டி வந்தால் எடுப்பதற்குப் பெரும்பாலும் மண்டையைத் திறப்பதில்லை. மூக்குத் துளை வழியாகவே போகிறார்கள். 1907இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மான் ஷ்லோஃபர் இவ்வழியில் முதன்முதலாக ஒரு கட்டியை எடுத்தார். அவர் மூக்கை ஒரு பக்கமாகத் திறந்து திருப்ப வேண்டியிருந்தது. இன்று ஒரு பென்சிலைவிட மெல்லிய உள்நோக்கிக் கருவி, முகத்தில் ஒரு தழும்பும் இல்லாமல், மூக்குத் துளைக்குள் போய்விடுகிறது.

மூக்கின் பின்கோடியில், மண்டையோட்டின் நடுமையத்தில், ஸ்பீனாய்டு என்ற எலும்பு இருக்கிறது. சிறகு விரித்த வௌவால் போன்ற வடிவம். அதன் வயிற்றுக்குள் ஒரு காற்றறை. சைனஸ் என்று நாம் சொல்லும் அறைகளில் மிகவும் உள்ளே இருப்பது இதுதான். பிட்யூட்டரி சுரப்பி இந்த அறையின் கூரையின்மேல் அமர்ந்திருக்கிறது. அறைக்குள் நுழைந்து கூரையைத் திறந்தால் கட்டி கைக்கு எட்டும்.

ஆனால் அந்த அறையின் பக்கச் சுவர்களில் என்ன இருக்கிறது? இரு பக்கமும் மூளைக்குச் செல்லும் பெரும் தமனி, அதாவது உள் கேரோட்டிட் தமனி. அதற்கு மேலே கால்வாயில் ஓடும் பார்வை நரம்பு. தமனிக்கும் அறைக்கும் நடுவே உள்ள எலும்பு, பல இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கிட்டத்தட்ட முட்டை ஓட்டின் தடிமன். சிலருக்கு அந்த ஓடும் இல்லாமல், வெறும் மெல்லிய சவ்வு மட்டும் மூடியிருக்கும்.

இங்கே வேறுபாடு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். பிறக்கும்போது இந்த எலும்பு திடமானது, அறையே கிடையாது. குழந்தைப் பருவத்தில் மூக்கிலிருந்து காற்று நிறைந்த பை ஒன்று எலும்பைக் குடைந்துகொண்டு உள்ளே வளர்கிறது. பதின்ம வயது வரை இது தொடரும். யாருக்கு எவ்வளவு தூரம் குடையும் என்பதில் ஒரே விதி இல்லை. சிலருக்குச் சுரப்பிக்கு முன்னாலேயே நின்றுவிடும். அவர்களுக்கு மருத்துவர் திட எலும்பைத் துளையிட்டுப் போக வேண்டும். பெரும்பாலோருக்குச் சுரப்பிக்கு அடிவரை வரும். சிலருக்கு அதையும் தாண்டிப் பக்கங்களிலும் பின்னாலும் பரவிவிடும். அப்படிப் பரவியவர்களுக்குத்தான் தமனியும் பார்வை நரம்பும், சுவரில் பதித்த குழாயின்மேல் பூசிய சுண்ணாம்பு உதிர்ந்ததுபோல், அறைக்குள் துருத்திக்கொண்டு தெரியும்.

இந்த அறைக்குள் ஒரு தடுப்புச் சுவரும் உண்டு. நடுவில் இருக்க வேண்டும் என்று நினைப்போம். பெரும்பாலும் இருக்காது. ஒரு பக்கம் சாய்ந்துபோய், தமனியின் எலும்பு உறைமேலேயே அதன் முனை ஒட்டியிருப்பதும் உண்டு. அது தெரியாமல் சுவரைப் பிடித்துத் திருகி உடைத்தால், தமனியின் உறையும் சேர்ந்து பெயர்ந்துவிடும். குறுகிய மூக்குத் துளையின் அடியில், கைவிரல் எட்டாத இடத்தில், பெரும் தமனி கிழிந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இது மிக அரிதாகவே நடக்கிறது. அரிதாக இருப்பதற்குக் காரணமே, அறுவைக்கு முன் அந்தச் சுவர் எங்கே போய் முடிகிறது என்று ஸ்கேனில் பார்த்துவிடுவதுதான். அப்படி ஒட்டியிருந்தால் திருகமாட்டார்கள். பொறுமையாக வெட்டியோ தேய்த்தோ அகற்றுவார்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. புடாபெஸ்ட் நகரின் தொண்டை மருத்துவர் அடோல்ஃப் ஓனோடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். கண்களுக்கு நடுவே உள்ள சல்லடை எலும்பின் கடைசிக் காற்றறை, சிலருக்குப் பின்னோக்கி வளர்ந்து ஸ்பீனாய்டு அறையின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பார்வை நரம்பு அப்போது இந்த அறையின் சுவரில்தான் ஓடும். சைனஸ் நோய்க்காகக் கட்டியோ சீழோ எடுக்கப் போகிறவர், இது சாதாரண அறைதான் என்று எண்ணிச் சுரண்டினால், கண் போய்விடும். இந்த ஓனோடி அறை ஆசிய மக்களிடையே செய்யப்பட்ட பல ஆய்வுகளில் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. ஆகவே சாதாரண சைனஸ் அறுவைதானே, ஸ்கேன் எதற்கு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும்போது, அவர்களிடம் சொல்ல இது ஒன்று போதும்.

வேறுபாடு என்றாலே ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். அதே காற்றறையின் தரையில் விடியன் கால்வாய் என்ற ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது. ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்து பாரிசில் மருத்துவம் கற்பித்த 16ஆம் நூற்றாண்டு அறிஞர் கைடோ கைடியின் இலத்தீன் பெயரிலிருந்து வந்த பெயர் அது. கண்ணீரையும் மூக்கு நீரையும் சுரக்கச் செய்யும் நரம்பு அதனுள் போகிறது. சிலருக்கு இந்தக் கால்வாய் எலும்புக்குள் புதைந்திருக்கும். சிலருக்குத் தரையில் ஒரு வரப்புபோல் மேடிட்டிருக்கும். சிலருக்குத் தண்டின்மேல் நிற்கும் குழாய்போல் அறைக்குள் முழுக்கவே தெரியும். எப்படி இருந்தாலும், அதன் பின்முனை கேரோட்டிட் தமனி வளையும் இடத்தையே சுட்டுகிறது. அதனால் ஆழமான கட்டிகளைத் தேடிப் போகும் நிபுணர்கள் இந்தக் கால்வாயைக் கைகாட்டி மரமாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் கீழ்ப்புறத்தையும் உட்புறத்தையும் ஒட்டி எலும்பைத் தேய்த்துக்கொண்டே போனால், தமனிக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்பது தெரியும்.

வழிகாட்டிக் கருவி இருக்கிறதே, எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்கலாம். உண்மைதான். நாம் வேஸ் செயலியைப் பார்த்துக் கார் ஓட்டுவதுபோல், நோயாளியின் ஸ்கேன் படத்தின்மேல் கருவியின் முனை எங்கே இருக்கிறது என்று காட்டும் திரை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஆனால் அதன் துல்லியம் ஓரிரு மில்லிமீட்டர். தமனியின்மேல் உள்ள எலும்போ அரை மில்லிமீட்டர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். திரையை மட்டும் நம்பி ஓட்ட முடியாத சாலை இது.

காதுக்குள் ஒரு துடிப்பு

இரவில் ஒருக்களித்துப் படுத்து, காதைத் தலையணையில் அழுத்தினால், சில வேளை உங்கள் நாடித்துடிப்பே உங்களுக்குக் கேட்கும். கேரோட்டிட் தமனி, மூளைக்குள் போகும் முன், பொட்டெலும்புக்குள் ஒரு கால்வாயில் ஏறிச் செங்குத்தாகத் திரும்பி, உட்காதுக்கு மிக அருகில்தான் செல்கிறது. மிகச் சிலருக்கு இந்தத் தமனி வழி மாறி, நடுக்காதுக்குள்ளேயே வந்துவிடும். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ துடிப்பது தெரியும். பார்ப்பதற்குக் கட்டிபோலவே இருக்கும். கட்டிதானே என்று சோதனைக்காக ஒரு துண்டு வெட்டி எடுத்தால், வெட்டப்படுவது தமனி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வழக்கமான கால்வாயின் செங்குத்துப் பகுதி அங்கே இருக்காது. இருக்க வேண்டிய கால்வாய் இல்லை என்பதுதான் அடையாளம்.

முக நரம்பின் கதை இவ்வளவு அரிதானதல்ல. முகத்தைச் சிரிக்கவும் கண்ணை மூடவும் வைக்கும் அந்த நரம்பு, காது எலும்புக்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம் வளைந்து வளைந்து ஓடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கால்வாயின் சுவரில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கிறது. குறிப்பாக, அங்கவடி எலும்புக்கு மேலே. நீண்ட நாள் சீழ் வடிந்த காதில் நோயும் சேர்ந்து எலும்பை அரித்திருக்கும். அங்கே நோயைச் சுரண்டி எடுக்கும் மருத்துவர் நரம்பைத் தொட்டுவிட்டால், பிள்ளை கண்விழிக்கும்போது வாய் கோணியிருக்கும். ஆகவே பலர் அறுவையின்போது முகத்தசையில் மின்முனைகளைப் பொருத்திவிடுகிறார்கள். கருவி நரம்பை நெருங்கி அதைத் தூண்டினால் எச்சரிக்கை ஒலி எழும்.

முள் துளை என்று ஒன்று முட்டைவடிவத் துளைக்குப் பின்னால் இருக்கிறது. மூளையின் வெளி உறைக்கு இரத்தம் தரும் தமனி அதன் வழியாக உள்ளே போகிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் பொட்டில் அடிபட்டால் கிழிந்து உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தத் தமனிதான். (தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் ஓட்டும் மாணவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) சிலருக்கு இந்தத் துளையே இருக்காது. அப்படியானால் அந்தத் தமனி வேறெங்கிருந்தோ வருகிறது. கண்ணுக்குப் போகும் தமனியிலிருந்து கிளைத்திருக்கலாம். அல்லது கருவில் மறைந்திருக்க வேண்டிய ஒரு பழைய தமனி மறையாமல், அங்கவடி எலும்பின் நடுவே புகுந்து வந்திருக்கலாம். அண்மை ஆண்டுகளில், முதியவர்களுக்கு மூளை உறையின்கீழ் மெல்லத் தேங்கும் இரத்தத்தைத் தடுக்க, இந்தத் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை பரவி வருகிறது. கண்ணின் தமனியோடு தொடர்பு இருப்பது தெரியாமல் அடைப்புத் துகளைச் செலுத்தினால், அது விழித்திரைக்குப் போய்ச் சேரும். செவித்திறனுக்காக அங்கவடி எலும்பில் கை வைப்பவருக்கும் இதே எச்சரிக்கைதான். துளை இல்லை என்ற ஒரு சின்னக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கையில் ஒரே ஒரு வரி, இரண்டு வெவ்வேறு நோயாளிகளைக் காப்பாற்றக்கூடியது.

எது வேறுபாடு, எது நோய்?

நம் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி மிகவும் தேவையானது. மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் தோன்றும் புற்றுநோய், தென்சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் உலகின் பிற பகுதிகளைவிடக் கூடுதலாக வருகிறது. மலேசியாவில் சீனச் சமூகத்தினரிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் அதிகம் பதிவாகியுள்ளது. இந்தப் புற்றுநோய் மேலே பரவும்போது, புதிதாக வழி தேடாமல் இருக்கும் துளைகளின் வழியே நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவது உண்டு. ஆகவே கதிரியக்கப் படம் பார்க்கும் நிபுணர் முட்டைவடிவத் துளையையும் விடியன் கால்வாயையும் இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இடது துளை வலதைவிடப் பெரிது. இது புற்றா, பிறவியிலேயே அப்படியா? அளவு மட்டும் பதில் சொல்லாது. துளையின் விளிம்பு வழவழவென்று தெளிவாக இருந்தால் பெரும்பாலும் இயற்கை. விளிம்பு அரிக்கப்பட்டு மங்கியிருந்தால், உள்ளே வழக்கமாக இருக்கும் கொழுப்பு மறைந்திருந்தால், சந்தேகப்பட வேண்டும். இயற்கையான வேறுபாடுகளை நிறையப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் நோய் தனித்துத் தெரியும்.

அந்தப் பழக்கம் புத்தகத்தில் வருவதில்லை. தானமாகக் கிடைத்த உடல்களில் பயிற்சி செய்துதான் வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சைலண்ட் மென்டர் என்ற பெயரில் உடல்தானத் திட்டம் ஒன்று நடக்கிறது. இறந்தவர்களை அங்கே பாடப்பொருள் என்று அழைப்பதில்லை, ஆசிரியர் என்றே மதிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

காது, சைனஸ், பிட்யூட்டரி போன்ற அறுவை என்று தேதி குறித்தால், மூன்று நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். என் ஸ்கேனில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருக்கிறதா? தமனியும் பார்வை நரம்பும் எவ்வளவு அருகில் இருக்கின்றன? அதற்காக உங்கள் திட்டம் மாறுமா? மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். படத்தைத் திருப்பி உங்களுக்கே காட்டுகிறவர்கள் பலர்.

மற்றொரு ஸ்கேன் கேட்டால், போன வருடம்தானே எடுத்தோம் என்று சலித்துக்கொள்கிறோம். கதிர்வீச்சைப் பற்றிய கவலை நியாயமானது. வீணாக எடுக்கக் கூடாது. ஆனால் எல்லா ஸ்கேனும் ஒன்றல்ல. விபத்தின்போது தலைக்கு அவசரமாக எடுத்த படம், தடித்த சீவல்களாக இருக்கலாம். கால்வாய்களைப் பார்க்க ஒரு மில்லிமீட்டரோ அதைவிட மெல்லியதோ ஆன சீவல்கள் தேவை. ரொட்டியைத் தடியாக வெட்டினால் உள்ளே இருக்கும் சின்ன ஓட்டைகள் தப்பிவிடும் அல்லவா? பழைய படம் மெல்லிய சீவல்களாக இருந்து, இடையில் ஒன்றும் மாறாமல் இருந்தால், அதுவே போதும் என்று மருத்துவரே சொல்லக்கூடும். அதனால் அறிக்கைத் தாளோடு, படங்கள் உள்ள குறுவட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை அறுவை செய்துகொண்டவர்கள் இன்னும் கவனமாக வைத்திருக்க வேண்டும். இரண்டாவது முறை உள்ளே போகும் மருத்துவருக்கு, வழக்கமான அடையாளங்களில் பாதி அங்கே இருக்காது. முதல் முறை எந்தச் சுவர் எடுக்கப்பட்டது, அதற்கு முன் அது எங்கே ஒட்டியிருந்தது என்பது அந்தப் பழைய குறுவட்டில்தான் இருக்கும்.